லீஃப்ஸ் அண்ணாவுக்கு ஒரு பீபர் ரசிகையின் கடிதம்

அன்பின் அண்ணா,

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். "முப்பத்தொரு வயசாச்சு, இன்னும் அந்தப் பாட்டுக்காரப் பீபர்ப் பெடியனுக்குப் பின்னால திரியிறியே" என்றீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் போட்டிருந்தது உங்கள் ஹொக்கி அணியான லீஃப்ஸின் அந்தக் கறுப்பும் நீலமுமான ஜேர்சி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஹொக்கி லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967 மே மாதம். நீங்கள் பிறப்பதற்கு ஏழு வருடம் முந்தி. அன்றைக்கு லீக்கில் இருந்ததே ஆறு அணிகள்தான், இன்றைக்கு 32. நீங்கள் கனடாவுக்கு வந்து கண்ட முதல் வசந்தம் 1993. வந்த கையோடு லீஃப்ஸ் அரையிறுதி வரை போனதால், வருடா வருடம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள். அந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! லொஸ் ஏஞ்சல்ஸுடன் ஏழு ஆட்டத் தொடரில் ஆறாவது ஆட்டம், மேலதிக நேரம், அவர்களுடைய கிரெட்ஸ்கியின் தடி எங்கள் கில்மரின் நாடியில் பட்டு இரத்தம், நடுவர் விசில் ஊதவில்லை, கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டு ஆட்டத்தை முடித்தார். ஏழாவது ஆட்டத்தில் அவருக்கு மூன்று கோல். அகப்பையைத் தடியாகப் பிடித்து நீங்கள் அதை நடித்துக் காட்டும்போது, அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். முப்பத்திரண்டு வருடமாக ஒரு விசிலுக்காகக் கோபப்படும் மனிதர் நீங்கள்.

என் கணக்கு 2010 ஜனவரியில் தொடங்குகிறது. பெரியம்மா வீட்டு நிலக்கீழ் அறை, ஸ்காபரோப் பள்ளிக்கூடம், ஒருவர் பேசுவதும் விளங்காத பதினைந்து வயது. அந்த மாதம் வானொலியைத் திருப்பினால் ஜஸ்ரின் பீபர்தான். அவன் பிறந்தது 1994 மார்ச் 1, நானும் அதே வருடம். வளர்ந்தது ஸ்ராட்போர்ட்டில், இங்கேயிருந்து காரில் இரண்டு மணி நேரம். தாய் யூரியூபில் போட்ட வீடியோக்களால் வெளியே தெரிந்தவன். எனக்கு அப்போது முக்கியமாகப் பட்டது வேறு: அவன் பாட்டில் சொற்கள் குறைவு, அதையே திருப்பித் திருப்பிப் பாடுவான். எனக்கு முழுதாக விளங்கிய முதல் ஆங்கிலம் அது. வகுப்பில் ஒருத்தி "நீயும் பிலீபரா?" என்று கேட்டாள். பீபர் ரசிகைகளுக்கு அதுதான் பெயர். ஓம் என்றேன். அதோடு மத்தியானத்தில் தனியே சாப்பிடுவது நின்றது.

சிரித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். லீஃப்ஸ் தொப்பி போட்ட பெடியங்கள்தான் கூடச் சிரித்தார்கள். அவர்களுடைய அணி 2005இலிருந்து கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுப் பக்கமே போகவில்லை, ஆனாலும் வெட்கப்பட வேண்டியவள் நான்! இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை அண்ணா. நாற்பது வயது ஆண் முகத்தில் நீலம் பூசிக்கொண்டு அரங்குக்கு வெளியே அழுதால் "உண்மையான ரசிகன்" என்று ரிவியில் காட்டுவார்கள். பதினாறு வயதுப் பெண் பாட்டு நிகழ்ச்சியில் அழுதால் அது பைத்தியம். இரண்டுக்காகவும் அழுதவள் என்ற வகையில் சொல்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

லீஃப்ஸுக்காக நான் எப்போது அழத் தொடங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். 2013 மே 13, பொஸ்ரனில் ஏழாவது ஆட்டம். மூன்றாவது பகுதியில் 4-1 என்று முன்னுக்கு நின்றோம். அண்ணி சுவீற் எடுத்து வைத்துவிட்டார். 51 செக்கன் மிச்சம் இருக்கும்போது பொஸ்ரனின் பெர்ஜெரோன் சமப்படுத்தினார், மேலதிக நேரத்தில் அவரே முடித்தார். நீங்கள் ஒன்றும் பேசாமல் கராஜுக்குப் போய்க் காருக்குள் இருந்துவிட்டீர்கள். அண்ணி என்னைத்தான் அனுப்பினார். மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். அரை மணித்தியாலம் இருந்திருப்போம். "ரேடியோ போடாதை" என்று மட்டும் சொன்னீர்கள். அதுவரை எனக்கு ஹொக்கி என்றால் தடியும் சத்தமும்தான். அடுத்த ஒக்ரோபரில் முதல் ஆட்டத்துக்கு உங்களுக்கு முந்திப் போய் சோபாவில் இருந்தவள் நான்.

சரி, என் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. 2014 ஜனவரியில் மயாமி பீச்சில் பீபர் கைதாகி, பொலிஸ் எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டு நின்றபோது, வேலை நேரத்தில் எனக்கு ஃபோன் எடுத்து "பார்த்தியோ?" என்றீர்கள். நான் அவனுக்காக வாதாடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவன் பாட்டு ஒன்றையும் போடவும் இல்லை. 2015இல் வந்த அல்பத்தை ஒரு பின்னேரம் பஸ்ஸில் கேட்டேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பாட்டு நன்றாக இருந்தது. நீங்களும் "இனி இவங்களைப் பார்க்க மாட்டன்" என்று எத்தனை மே மாதம் ரிவியை நிறுத்தியிருப்பீர்கள், எத்தனை ஒக்ரோபரில் திரும்பப் போட்டிருப்பீர்கள்.

2020 பெப்ரவரியில் எங்களோடு விளையாடிய கரோலினா அணியின் இரண்டு கோலிகளும் (கோல் காப்பவர்கள்) காயப்பட்டு, ஐஸ் சீராக்கும் வண்டி ஓட்டிய 42 வயது டேவிட் அயர்ஸ் அவசரக் கோலியாக உள்ளே வந்து, முதல் இரண்டு அடியையும் விட்டுவிட்டு அடுத்த எட்டையும் பிடித்து, லீஃப்ஸ் 6-3 என்று தோற்றதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

2022ஐப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். மே 14, ரம்பா அணியுடன் ஏழாவது ஆட்டம், எங்கள் சொந்த அரங்கில், 2-1 தோல்வி. அந்த நேரம் என் கைப்பையில் அதே அரங்கின் வேறொரு ரிக்கெற் இருந்தது: யூன் 7, பீபர். பன்னிரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய முதல் ரிக்கெற். அன்று காலை உடுப்பை மினுக்கி வைத்தேன். நிகழ்ச்சிக்குச் சில மணி நேரம் இருக்கும்போது, உடம்பு சரியில்லை, தள்ளிப் போடுகிறோம் என்று அறிவித்தார்கள். இணையத்தில் ஒரே திட்டு. நானும் ஒரு வசனம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். மூன்று நாள் கழித்து அவன் தானே ஒரு வீடியோ போட்டான். ராம்சே ஹண்ட் என்ற நோய், ஒரு கிருமி முகத்து நரம்பைத் தாக்கியிருக்கிறது. ஒரு கண் வெட்டுகிறது, மற்றது வெட்டவில்லை. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. அந்த நிகழ்ச்சி பிறகு நடக்கவே இல்லை, சுற்றுப்பயணமே நின்றுபோனது.

மூன்றரைக் கிழமைக்குள் ஒரே கட்டடத்தில் இரண்டு தரம் தோற்றேன். ஆனால் இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அணிக்கு முகம் இழுக்காது அண்ணா. 1993இல் நீங்கள் கத்திக் கூப்பிட்ட ஒருவர்கூட இன்றைக்கு அந்த ஐஸில் இல்லை. பயிற்சியாளர்கள் மாறிவிட்டார்கள், பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் இப்போது மரக்கறி விற்கிறார்கள். மிச்சம் நீல நிறமும் ஒரு இலையும். அதனால்தான் உங்களால் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்க முடிகிறது. எனக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு ஆள். அவன் பிழை விட்டால் அந்தப் பிழை அவனோடுதான் இருக்கும், நோய் வந்தால் அவனுக்குப் பதிலாக, லீஃப்ஸ் செய்வதுபோல, கீழணியான மார்லீஸிலிருந்து ஒருவரைக் கூப்பிட முடியாது. என்னுடையது சின்னப்பிள்ளை விளையாட்டு, உங்களுடையது விசுவாசம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உங்களுடையதைவிட என்னுடையது பெரிது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுகமானது உங்களுடையதுதான்.

இந்த 2025 கோடையில் அதுவும் கொஞ்சம் ஆடிப்போனது, இல்லையா? பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த மிச் மார்னர், ஒன்பது பருவம் எங்களுக்கு விளையாடிய பிள்ளை, வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். அதற்கு முந்தி மே மாதத்தில் புளோரிடாவுடன் இன்னொரு ஏழாவது ஆட்டம், இன்னொரு தோல்வி, 6-1. அன்றிரவு நீங்கள் மார்னரைத் திட்டிய திட்டு எனக்கு நினைவிருக்கிறது. அவர் போன செய்தி வந்த அன்று நீங்கள் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். இலைக்குத்தான் விசுவாசம் என்றால் ஏன் சாப்பிடவில்லை? யூலை 11ஆம் திகதி, முன்னறிவிப்பு பெரிதாக இல்லாமல் பீபரின் புது அல்பம் வந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை, அது வேறு காரணம்.

இனி அந்த ஜேர்சி. 2021 பிளேஓஃபுக்குப் பீபரின் பாட்டு ஒன்றை லீஃப்ஸ் எடுத்தபோது, மொன்றியலுடனான தொடரில் 3-1 என்று முன்னுக்கு நின்று தோற்றதற்கு "உன்ரை பெடியன்ரை நாவூறு" என்றீர்கள். அடுத்த மார்ச்சில், இரண்டு பக்கமும் திருப்பிப் போடக்கூடிய ஒரு கறுப்பு ஜேர்சியை லீஃப்ஸ் கொண்டுவந்தது. பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கினீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிரித்தபடியே அந்தச் சட்டையால் வாயைத் துடைத்தீர்கள், அதுதான் சொல்கிறேன்: அதை லீஃப்ஸோடு சேர்ந்து வடிவமைத்தது பீபரின் நிறுவனம். உள்பக்கம் திருப்பினால் மஞ்சள் தெரியும், அது அவனுடைய நிறம். மூன்று வருடமாக நீங்கள் அவன் உடுப்பைத்தான் போடுகிறீர்கள்.

அப்புறம், கராஜில் கறுப்புக் குப்பைப் பையில் நீங்கள் கட்டி வைத்திருந்த மார்னரின் 16ஆம் இலக்கச் சட்டையை நான் அன்றே எடுத்து வந்துவிட்டேன். கழுத்தில் இருந்த சொதிக் கறை போகவில்லை, மற்றபடி தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். ஒக்ரோபரில் முதல் ஆட்டத்துக்கு வரும்போது கொண்டு வருகிறேன். வேண்டாம் என்றால் போடாமல் இருங்கள். குப்பையில் மட்டும் வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி

(காருக்குள் இனி ரேடியோ போடலாமா என்றும் சொல்லுங்கள். புது அல்பத்தில் நாலாவது தரம் கேட்டால்தான் பிடிக்கும் பாட்டுகள் சில இருக்கின்றன.)