மன்றோ தீவிலிருந்து வந்தபின்

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்குத் தையில் பதில் எழுதுகிறேன், திட்டாதே.

போன வாரம் நானும் அவரும் கொல்லம் பக்கத்தில் மன்றோ தீவில் மூன்று நாள் தங்கினோம். கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடம். வாடகைக்கு எடுத்த வீடு மொத்தமே ஓர் அறை. ஒரு கட்டில், மூலையில் அடுப்பு, பின்னால் குளியலறை. வாசற்படியில் உட்கார்ந்தால் கால் தண்ணீரில். நீ வந்திருந்தால், "என் பாத்திரங்களை எங்கேடி வைப்பேன்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். முதல் நாள் முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழியூன்றி வரும் வள்ளங்கள், மீன்கொத்திகள், தேங்காய் போட்டு வதக்கிய கக்கா இறைச்சி, அதுதான் நம்மூர் மட்டி! வளம் குன்றாமல் எடுக்கிறார்கள் என்று அந்தக் காயல் கக்காவுக்கு 2014இல் சர்வதேசச் சான்றிதழே கிடைத்ததாம், இந்தியாவில் முதல்முறையாக.

அப்புறம்தான் தைப்பூச ராத்திரி வந்தது. நள்ளிரவு தாண்டிப் பக்கத்தில் சத்தம். எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரச் சேச்சி தன் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அரிசிப் பானையைக் கட்டில்மேல் தூக்கி வைக்கிறார். ஒரு சொட்டு மழை இல்லை, மாலதி. 'வேலியேற்றம்' என்றார். பௌர்ணமி, அமாவாசையில் கடல் அதிகம் ஏறும்போது காயலும் ஏறி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அவர் அடுப்பு நான்கு வரிசைச் செங்கல்மேல் நிற்கிறது. காலையில் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரி மாதிரி கையோடு உதிர்ந்தது.

எங்களுக்குக் கொடுத்த வீட்டை மட்டும் ஏன் மரத்திலும் தகரத்திலும் இத்தனை குட்டியாகக் கட்டினீர்கள் என்று கேட்டேன். கனமாகக் கட்டினால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றார். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் அந்தத் தீவு. அதே ஆற்றில் மேலே தென்மலை அணை வந்தபின் வண்டல் வரத்து குறைந்துபோனது. 2004 சுனாமிக்குப் பிறகு தண்ணீர் ஏறுவதும் அதிகம் என்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. சேச்சி போகவில்லை. அந்தக் குட்டி வீட்டு வாடகைதான் அவருக்கு வருமானம். அதையும் பௌர்ணமி, அமாவாசை பார்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு வந்த நாளிலிருந்து தூக்கம் சரியில்லை. உன் கொழுந்தனாருக்குக் கட்டட வேலைதானே? உப்பேறிய சுவருக்கு என்ன செய்யலாம், அதிகச் செலவில்லாமல், என்று கேட்டு உடனே எழுது. அடுத்த அமாவாசைக்குள் சேச்சிக்குச் சொல்லியாக வேண்டும்.

உன்,
வசந்தா