பெட்டியின் மேல் நான்கு வரி: ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கோவில்பட்டியில் 14 ஆண்டுகளாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பதோடு, 8,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய்க்குள் அடங்கும் போன்களை விற்கவும் செய்கிறேன். என் கடைப் படியேறுகிறவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸிலும் கடலைமிட்டாய்ப் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள்.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வாரக்கூலி. சீட்டை எடுத்து, கல்லூரிக்குப் போகும் மகளுக்கு வேறொரு கடையில் 9,500 ரூபாய்க்கு வாங்கிய போன் அது. வாங்கிப் 13 மாதம் ஆகிறது. "தம்பி, பேங்க் ஆப்பத் தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு. போட்டோ எடுக்கப் போனா இடமில்லைங்குது. புதுப் போன்தானப்பா இது?" என்று கேட்டார். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். அந்தப் போனுக்குக் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட், அவர் பணம் கொடுத்து வாங்கிய நாளுக்கும் முந்தைய தேதியில் இருந்தது. மாடல் சந்தைக்கு வந்து இரண்டரை ஆண்டு கழித்து, அப்டேட் நின்றுபோன பிறகு, பிரிக்காத பெட்டியில் அவர் கைக்கு வந்திருக்கிறது. சீட்டு முடிய அவருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. பெட்டியிலும் பொய் இல்லை. எம்ஆர்பி, தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அதைப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்காததால் யாரும் போடவில்லை. அதற்காகத்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த விலையில் போன் செய்கிறவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. 5,000 எம்ஏஎச் பேட்டரி இன்று 9,000 ரூபாய்ப் போனில் கிடைக்கிறது. திரை எச்டி பிளஸ் மட்டும்தான், புள்ளிகள் குறைவு என்பதால் சார்ஜும் நிதானமாக இறங்குகிறது. மிதமாகப் பயன்படுத்துகிறவருக்கு இரண்டு நாள் தாங்குகிறது. விலை கூடிய போன்களில் காணாமல் போய்விட்ட இயர்போன் ஓட்டையும் மெமரி கார்டு இடமும் இந்தப் போன்களில்தான் மிச்சமிருக்கின்றன. பக்கவாட்டில் பவர் பட்டனிலேயே கைரேகை சென்சார் வைக்கிறார்கள், ஈரக் கையாக இல்லாவிட்டால் நன்றாகவே எடுக்கும். பிளாஸ்டிக் முதுகு கீழே விழுந்தால் கண்ணாடிபோல நொறுங்குவதில்லை. பணம் அனுப்ப, வீடியோ காலில் பேச, பிள்ளை பாடம் படிக்க இது போதும். 10,000 ரூபாய்ப் போனில் 18 சதவீத ஜிஎஸ்டியே 1,500 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் காசில் இவ்வளவு செய்கிறார்கள் என்றால் எங்கோ ஓரிடத்தில் குறைத்துத்தான் ஆக வேண்டும். அது எந்த இடம் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

கேமராவில் குறைத்தால் கண்ணுக்குத் தெரியும். 50 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகத் தருகிறது. பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸால் யாருக்கும் பயன் இருந்து நான் பார்த்ததில்லை. அந்தக் காசை மெமரியில் போட்டிருக்கலாம். ஆனால் படம் சுமாராக இருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மாற்றிக் கேட்கவாவது வழி உண்டு.

மெமரியில், அதாவது படமும் ஆப்பும் தங்கும் ஸ்டோரேஜில், குறைத்தது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். பெட்டியில் 64 ஜிபி என்று இருக்கும், எந்த வகை என்று இருக்காது. இந்த விலையில் பல போன்களில் இருப்பது இஎம்எம்சி என்ற பழைய வகைதான். அடுத்த படியில் இருப்பது யூஎஃப்எஸ். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. இரட்டைப் பாதை வருவதற்கு முன்பு எதிரே வரும் வண்டிக்கு வழிவிட கிராசிங்கில் காத்துக் கிடப்போமே, இஎம்எம்சி அப்படித்தான். எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. யூஎஃப்எஸ் இரட்டைப் பாதை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வாட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போதே பேங்க் ஆப்பைத் திறந்தால் அந்த அக்காவின் போன் சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். 64 ஜிபியில் ஆண்ட்ராய்டும் கம்பெனி முன்பே ஏற்றி வைத்த ஆப்களும் சேர்ந்து 15 முதல் 20 ஜிபி வரை முதல் நாளே பிடித்துக்கொள்கின்றன. மிச்ச இடமும் நிரம்ப நிரம்ப வேகம் இன்னும் படுத்துவிடுகிறது.

இதில் 'விர்ச்சுவல் ரேம்' வேறு. ரேம் என்பது திறந்திருக்கும் ஆப்கள் ஓடுவதற்கான வேகமான தற்காலிக இடம். உள்ளே இருப்பது 4 ஜிபி. பெட்டியில் பெரிய எழுத்தில் 8 ஜிபி என்றும், கீழே எறும்பு அளவில் 4+4 என்றும் போடுகிறார்கள். கூடுதலாகச் சொல்லும் 4 ஜிபி, ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதுவும் ஒற்றைப் பாதையில் போய் வர வேண்டும். ரேம் வேலையை அதனால் அந்த வேகத்தில் செய்ய முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் 100 கிராம் இருந்தால் 200 கிராம் என்று அச்சடிக்க உங்கள் துறை விடுவதில்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ரேமுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

5ஜி வந்த பிறகு இந்த இழுபறி இன்னும் கூடியிருக்கிறது. 5ஜி சிப்புக்குப் போன காசைச் சில மாடல்களில் திரையில் எடுத்தார்கள், சிலவற்றில் பெட்டிக்குள் சார்ஜரையே வைக்கவில்லை.

அப்டேட்டுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று கம்பெனி சொல்வது மாடல் வெளியான நாளிலிருந்து. வாங்கிய நாளிலிருந்து அல்ல. பெரிய நகரத்தில் போன் வெளியான வாரமே வாங்குகிறவருக்கு அந்த இரண்டு ஆண்டும் முழுதாகக் கிடைக்கும். விலை குறையட்டும் என்று காத்திருந்து வாங்குகிற ஏழைக்கு ஆறு மாதம் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. அதே போனில்தான் அவர் சம்பளமும், உரிமைத் தொகையும், மகளின் ஸ்காலர்ஷிப்பும் வந்து போகின்றன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காத போனில் பணம் புழங்குவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்பதைக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து 5 ஆண்டு அப்டேட் என்று விதி வைத்துவிட்டது. விற்பனை முடிந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், கடைசியாக வாங்கும் ஏழைக்கும் முழுக் காலமும் கிடைக்கிறது. பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பதும் அங்கே விதி. கம்பெனிகளால் முடியாத காரியமும் இல்லை: சாம்சங் 2024இல் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு 6 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தது. அது என் வாடிக்கையாளர்களுக்கு எட்டாத விலைதான். ஆனாலும் நடுத்தர விலையில் முடிந்தது, கொஞ்சம் குறைந்த காலத்துக்காவது கீழே இறங்கி வரலாம்.

உங்கள் துறையும் சும்மா இருக்கவில்லை. பழுது பார்க்கும் எளிமையை மதிப்பெண்ணாகத் தரலாம் என்று நீங்கள் அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தபோது, பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். உதிரிபாகம், பிரிக்கும் எளிமை, சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் அந்த அளவுகோலில் இருந்தன. என் அலமாரியில் இருக்கும் பெட்டிகளில் அது இன்னும் ஏறவில்லை.

அதை ஏற்றும்போது நான்கு வரிகளையும் கட்டாயமாக்குங்கள். கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வரும் மாதமும் வருடமும். கடன் வாங்காத உண்மையான ரேம். ஸ்டோரேஜின் வகையும், முதல் முறை ஆன் செய்யும்போது காலியாக இருக்கும் இடமும். டிஸ்ப்ளே காம்போவும் (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்தது) பேட்டரியும் மாற்ற கம்பெனி சர்வீஸ் சென்டரில் என்ன விலை, எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது. தமிழிலும் இருக்க வேண்டும், எம்ஆர்பி அளவு எழுத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்க எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதோ பழகிவிட்டார்கள், இதையும் பழகிக்கொள்வார்கள்.

இப்போது என் கடையில் விற்கும் ஒவ்வொரு போனுக்கும் பில்லின் பின்பக்கம் இந்த நான்கையும் கையால் எழுதிக் கொடுக்கிறேன். அப்டேட் முடியும் மாதத்தைக் கம்பெனி இணையதளத்தில் தேடியும், அழைத்துக் கேட்டும் பல மாடல்களுக்குப் பதில் கிடைப்பதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொடுக்கிறேன். காலி இடத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி