அடுத்த ஊரடங்குக்கு முன் எங்கள் அடுப்படியையும் கேளுங்கள்: உணவு வழங்கல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் உணவு வழங்கலையும் பேரிடர்க் காலத் திட்டங்களையும் வகுக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வட சென்னையில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டை 18 ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக் கட்டி விற்கிறவர்கள், தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறவர், மீன் வாங்கி விற்கிறவர் ஆகியோர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் அந்த நோட்டில் சேமிப்பும் கடனும் மட்டும் பதிவாகவில்லை. யார் வீட்டில் எது தீர்ந்தது, யார் யாரிடம் எத்தனை படி அரிசி கைமாற்றாக வாங்கினார், யாருக்குச் சிலிண்டர் வாங்கப் பணம் இல்லை என்பவற்றையும் ஓரங்களில் குறித்து வைத்தேன். அண்மையில் அந்தப் பக்கங்களை மறுபடியும் புரட்டிப் பார்த்தபோது, இவற்றை உங்கள் பார்வைக்குக் கொண்டு வராமல் நோட்டை மூடி வைப்பது முறையன்று என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். வறுமைக் கோட்டைக் காட்டிப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தாமல் அனைவருக்குமான பொது விநியோகத்தைத் தமிழ்நாடு விடாமல் வைத்திருந்ததால்தான், 2020 ஏப்ரலில் அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விரைவாக வந்து சேர்ந்தன. 2021இல் இரண்டு தவணைகளாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருள்கள் அடங்கிய பையும் கிடைத்தன. அம்மா உணவகங்கள் அடுப்பை அணைக்காமல் இருந்தன. இவை இல்லாதிருந்தால் எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை ஏறியிருக்காது. நியாயவிலைக் கடையில் முகக்கவசம் மட்டுமே காப்பாக நாள் முழுவதும் எடை போட்ட ஊழியர்களையும் நாங்கள் மறக்கவில்லை.

ஆயினும் என் நோட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பொருள் குறைந்ததைக் காட்டிலும், அது எப்போது கிடைக்கும், கடை எத்தனை நாள் மூடியிருக்கும், அடுத்த உதவி வருமா வராதா என்று தெரியாமல் இருந்ததே எங்கள் வீடுகளை அதிகமாக வருத்தியது. பத்து நாள் கழித்து அரிசி வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், இருக்கும் அரிசியைப் பத்து நாளுக்குப் பகிர்ந்து சமைக்க எங்கள் பெண்களுக்குத் தெரியும். தெரியாதபோது முதல் நாளிலிருந்தே வயிற்றைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

2020 மார்ச் 24ஆம் நாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்தார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கே மணி நேரம். தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டில் மாத முதல் வாரத்திலேயே மளிகை மொத்தமாக வந்துவிடும். டப்பாக்களில் கடைசி வாரத்துக்கான மிச்சமாவது இருக்கும். நாள்கூலி வீட்டில் அப்படியில்லை. மாலையில் கூலி கைக்கு வந்த பிறகு கால் கிலோ பருப்பு, சிறு பொட்டலம் எண்ணெய், ஐந்து ரூபாய்க்குப் புளி என்று அன்றன்றைக்கான பொருள் அன்றன்றைக்கு வரும். அவர்களுக்கு அண்ணாச்சி கடைதான் கிடங்கு. ‘தேவையானவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’, ‘பதுக்க வேண்டாம்’ என்ற இரண்டு அறிவுரைகளையும் ஒரே வாரத்தில் கேட்டோம். எங்களுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. வாங்கி வைக்கப் பணமும் இல்லை, பதுக்க இடமும் இல்லை.

அதைவிடக் கடுமையாக என் நினைவில் நிற்பது ஏப்ரல் 25. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. மளிகை, காய்கறிக் கடைகளும் திறக்கா என்பதால், இடையே இருந்த ஒரே ஒரு சனிக்கிழமையில் நகரம் முழுவதும் கடைகளுக்கு வந்தது. ஒரு மாதமாக வாசல்படி தாண்டாத முதியவர்கள்கூட அன்று வரிசையில் நின்றார்கள். கூட்டம் சேரக் கூடாது என்பதற்காகவே கொண்டுவரப்பட்ட நடவடிக்கை, அதற்கு முந்தைய நாளில் அந்த மாதத்தின் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. நான்கு நாள் கழித்துக் கடை திறந்தபோதும் அதே நெரிசல்தான். எங்கள் குழுவில் பூக் கட்டும் அம்மா அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய், வெயிலில் மூன்று மணி நேரம் நின்று, இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ ரவையும் வாங்கி வந்தார். தக்காளி கேட்ட விலைக்கு அவரால் வாங்க முடியவில்லை. தொற்று வந்துவிடுமோ என்று அடுத்த பதினான்கு நாளும் பேரக் குழந்தையைத் தூக்காமல் இருந்தார்.

2021 மே மாதத்தில் இந்தத் தவறிலிருந்து ஓரளவு பாடம் கற்றிருந்தது தெரிந்தது. தளர்வில்லா ஊரடங்கு 24ஆம் தேதி தொடங்குவதற்கு முன் 22, 23 ஆகிய இரண்டு நாளும் கடைகள் இரவு வரை திறந்திருந்தன. அதன்பின் காய்கறி வண்டிகள் தெருத் தெருவாக வந்தன. வண்டி வந்த தெருக்களில் பதற்றம் இல்லை என்பதை நேரில் கண்டேன். வண்டி நுழைய முடியாத சந்துகளில் இருந்தவர்களுக்கோ அது எந்த முனையில், எத்தனை மணிக்கு நிற்கும் என்ற செய்தி போய்ச் சேரவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு ஓடிப் போனால் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். எனவே, கடைகளை மூடும் எந்த உத்தரவுக்கும் முன் குறைந்தது முழுதாக மூன்று நாள் அவகாசம் கொடுங்கள் என்று கேட்கிறேன். அதில் ஒரு நாளாவது கூலி கைக்கு வரும் நாளாக இருக்கட்டும். நியாயவிலைக் கடைப் பொருளை மூடலுக்கு முன்பே வழங்கிவிட்டால் சனிக்கிழமைக் கூட்டம் பாதியாகக் குறையும்.

இனி, வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். இது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தில் சாம்பார் ரசமாயிற்று. மூன்றாம் வாரத்தில் பருப்பு ரசம் புளி ரசமாயிற்று. வடித்த கஞ்சியைக் கொட்டுவது நின்று, உப்புப் போட்டுக் காலையில் அதையே குடித்தார்கள். இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். முருங்கை மரம் இருந்த ஒரு வீட்டைச் சுற்றிப் பதினைந்து வீடுகள் கீரைக்குக் காத்திருந்தன. ஊரடங்கோடு ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டதால், காசிமேட்டை நம்பியிருந்தவர்கள் வீட்டில் மீனும் இல்லை, மீன் விற்ற காசும் இல்லை. இருந்த கருவாட்டைத் துண்டு துண்டாக எண்ணிப் போட்டார்கள். பள்ளிகள் மூடியதால் சத்துணவும், அதோடு வாரத்தில் ஐந்து நாள் கிடைத்துவந்த முட்டையும் நின்றன. பின்னர் உலர் பொருளாக அரிசியும் பருப்பும் கொடுத்தது உதவியாக இருந்தது. ஆனால் அந்த அரிசி வீட்டுப் பானையில் எல்லோருக்குமாக வெந்ததே தவிர, முட்டை போல அந்தக் குழந்தையின் தட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

குறைந்தது யாருடைய பங்கு என்றால், எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவளின் பங்குதான். ‘எனக்குப் பசியில்லை’ என்று அந்த மாதங்களில் எங்கள் பெண்கள் சொன்னதை நான் நம்பவில்லை. மாதக் கூட்டம் மறுபடியும் தொடங்கிய நாளில் அவர்களது கைகளைப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. குடும்ப அளவில் பொருளை எடைபோட்டுக் கொடுக்கும் திட்டம், குடும்பத்துக்குள் அது எப்படிப் பிரிகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடி வழியாகச் செல்லும் சத்துமாவும், குழந்தைகளுக்கான முட்டையும் எந்த ஊரடங்கிலும் ஒரு நாள்கூட நிற்காது என்ற உறுதியை எழுத்தில் தாருங்கள்.

அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருடைய அட்டை விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் இருந்தது. எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு 2020 அக்டோபர் 1 அன்றுதான் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. மிக நெருக்கடியான ஆறு மாதங்கள் அதற்குள் கடந்து போயிருந்தன. வேறொரு குடும்பம், வாடகைக் கார் ஓட்டுநருடையது, வசதி இருந்த நாளில் சர்க்கரை அட்டையாக வாங்கியிருந்தது. மார்ச் மாதத்தோடு சவாரி நின்றுபோனது. அரிசி அட்டைக்கு மட்டுமே என்று சொல்லப்பட்ட 1,000 ரூபாய் அவர்களுக்கு இல்லை. அவர்கள் வரிசையில் நிற்கவும் கூச்சப்பட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா தன் அரிசியில் ஒரு பகுதியை இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார். பெருந்தொற்று அறிவிக்கப்படும் நாளிலிருந்து அட்டையின் வகையைப் பார்க்காமல், கேட்கிற எல்லோருக்கும் முதல் மூன்று மாதம் அரிசி என்று விதியில் எழுதி வைக்க முடியாதா? வசதியுள்ளவர் அந்த வரிசைக்கு வரமாட்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த கைகளை இயந்திரம் ஏற்கவில்லை என்பதற்காக எவரையும் வெறும் பையோடு திருப்பி அனுப்பக் கூடாது என்பதையும் அதே விதியில் சேருங்கள்.

அரசுக்கு அடுத்தபடியாக எங்களைத் தாங்கியது தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டு. எங்கள் அண்ணாச்சி நான்கு மாதம் யாரிடமும் பாக்கியைக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கே சரக்கு வருவது தடைப்பட்டது. 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, சில நாள் கழித்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கியபோது, இரவோடு இரவாக அவ்வளவு தூரம் போய்வர வண்டி வாடகையும் அனுமதிச் சீட்டும் இல்லாத சிறு கடைக்காரர்கள் காய்கறியை நிறுத்திவிட்டார்கள். எட்டுக்குப் பத்து அடிக் கடையில், பையனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு நூறு வீடுகளுக்குக் கடன் கொடுக்கிறவரை உங்கள் திட்டத்தில் ஒரு வணிகராக மட்டும் பார்க்காதீர்கள். பேரிடர்க் காலத்தில் அவரும் பொது விநியோகத்தின் ஒரு கை. அத்தகைய கடைகளின் பட்டியலை வட்டந்தோறும் இப்போதே எடுத்து வைத்து, சந்தை மூடும் நாளிலேயே அவர்களுக்கு அரசு வண்டியில் சரக்கு கொண்டுவரும் ஏற்பாடு வேண்டும்.

கடன் உங்கள் துறையைச் சேர்ந்ததில்லை என்று சொல்லலாம். ஆயினும் அடுப்படியில் எல்லாம் ஒன்றுதான். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று, அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறும் என்பதை எங்கள் பெண்களுக்கு எவரும் விளக்கவில்லை. ஒரு நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் ஜூன் மாதத்தில் வாசலில் வந்து நின்றார். ரேஷன் உதவித் தொகையாக வந்த ஆயிரம் ரூபாய் அப்படியே அவர் கைக்குப் போனது. தாலிக் குண்டுகளை அடகுக் கடையில் வைத்தவர்களும் உண்டு. கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்கள் தள்ளுபடி என்று 2021இல் அறிவிப்பு வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் சங்கக் கதவு மூடியிருந்த நாளில் தனியார் அடகுக் கடைக்குப் போனவர்களின் நகைகள் அதில் சேரவில்லை. ஆகவே உதவித் தொகையை அறிவிக்கும்போதே, அதை எந்தக் கடனுக்கும் பிடிக்கக் கூடாது என்ற ஆணையும் உடன் வர வேண்டும் என்று நிதித் துறையிடம் நீங்கள்தான் வலியுறுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் எளியதும் செலவில்லாததும் ஒன்று உண்டு. ஒவ்வொரு நியாயவிலைக் கடை வாசலிலும் இன்று என்ன இருப்பு, அடுத்த லாரி எந்தத் தேதி, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போயிற்று என்றும் எழுதச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் வீடு வீடாக டோக்கன் கொடுத்து நாளும் நேரமும் குறித்த முறை எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று அறியேன். அந்தச் சிறு சீட்டைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்த நாள் வரைக்குமான அரிசியை மட்டும் அளந்து பானையில் போட அவர்களால் முடிந்தது.

எங்கள் குழு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறது. அடுத்த பேரிடர்த் திட்டத்தை எழுதும் முன் உங்களில் ஒருவரேனும் வந்து எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று குழுவின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நோட்டின் அந்தப் பக்கங்களைப் படியெடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து ஒரு மகளிர் குழுவின் கணக்கர்