விற்றவனைத் திட்டினீர்கள், வாங்கியவனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போட்டி நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்கும் ஊழியர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். "மனநிறைவோடு வேலை பார்க்கும் ஊழியர் ஒருபோதும் ரகசியத்தை விற்க மாட்டார்" என்ற வரியைப் பெட்டி கட்டி வேறு போட்டிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆக, எங்கள் கம்பெனியில் நடந்ததற்கும் நான்தான் பொறுப்பு.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. எங்களிடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவனாக, இருந்த பையன் வந்து சேர்ந்தபோது ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) என்றால் என்னவென்று கேட்டவன். தொழிலைக் கற்றுக்கொடுத்தோம். தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சம்பளம் குறைவு என்று அவனே சொல்ல மாட்டான். எங்கள் காஸ்டிங் சீட்டை வாட்ஸ்அப்பில் இன்னொரு கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

காஸ்டிங் சீட் என்பது உங்கள் கட்டுரையாளர் நினைப்பது போல வெறும் விலைப்பட்டியல் இல்லை. நூல் எந்த மில்லில் என்ன விலைக்கு எடுக்கிறோம், நிட்டிங் (பின்னல்) கூலி எவ்வளவு, டையிங்குக்கு (சாயம் போட) கிலோவுக்கு என்ன கொடுக்கிறோம், கட்டிங்கில் எவ்வளவு வேஸ்ட் போகிறது, எல்லாம் போகக் கையில் நிற்பது என்ன என்பது வரை அதில் இருக்கும். இதற்குக் கீழே எங்களால் இறங்க முடியாது என்கிற இடமும் தெரிந்துவிடும். அதைப் பார்த்தவன் பீசுக்கு நாலைந்து சென்ட் குறைத்துச் சொன்னால் போதும், ஆர்டர் கொடுக்கும் பையர் அந்தப் பக்கம் போய்விடுவார். போய்விட்டார்.

டெய்லர்கள் பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைக்கிற இடத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஷிப்மெண்ட் நேரத்தில் மொத்த பேட்ச்சும் கிளம்பினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் அது அவர்கள் உழைப்பு, அவர்கள் விருப்பம். இந்தப் பையனும் சொல்லிவிட்டுப் போய் அங்கே சேர்ந்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

சரி, அவனை விடுங்கள். வாங்கியவர் யார் தெரியுமா? சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தொழில் தர்மம் பேசுகிறவர். என் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மொய் வைத்தவர். உங்கள் கட்டுரையில் முதலாளிக்கு அறிவுரை இருக்கிறது, ஊழியருக்கு வசவு இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்கு ஒரு வரி உண்டா?

கோகோ கோலாவின் ரகசியச் செய்முறை அட்லாண்டாவில் பெட்டகத்தில் இருக்கிறது என்று கதை அளந்த கட்டுரையாளருக்கு, அதே கம்பெனியின் கதை மீதி தெரியாது போலிருக்கிறது. 2006-ல் அங்கே வேலை பார்த்த செயலாளர் ஒருவரும் கூட்டாளிகளும் ரகசிய ஆவணங்களைப் பெப்சிக்கு விற்கப் பார்த்தார்கள். பெப்சி வாங்கவில்லை. கோகோ கோலாவுக்கே தகவல் சொல்லிவிட்டது. எஃப்.பி.ஐ. பிடித்தது, அந்தச் செயலாளருக்கு எட்டு வருடச் சிறை. மறு வருடமே கார் பந்தயத்தில், ஃபெராரி அணியின் 780 பக்க ஆவணங்கள் போட்டி அணியான மெக்லாரனின் பொறியாளர் ஒருவரின் கைக்குப் போயின. அவற்றை நகல் எடுக்கக் கொடுத்த கடையில் வேலை பார்த்தவர்தான் ஃபெராரிக்குத் தெரியப்படுத்தினார். மெக்லாரனுக்குப் பத்துக் கோடி டாலர் அபராதம். பொருள் யார் கைக்குப் போனதோ அந்த அணிக்கு, கவனியுங்கள்.

இங்கே? போலீசுக்குப் போனேன். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். வக்கீலோ 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவை எடுத்துக் காட்டி, வேலையை விட்டவன் போட்டிக் கம்பெனியில் சேர்வதைத் தடுக்க முடியாது என்கிறார். அதை நான் கேட்கவே இல்லையே! வேலையில் இருக்கும்போதே கொடுத்ததைத்தான் கேட்டேன். தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் வரைவு மசோதாவோடு அறிக்கை கொடுத்தது. உங்கள் வணிகப் பக்கத்தில் அது வந்ததாக எனக்கு நினைவில்லை. நடிகரின் ஹோட்டல் திறப்பு விழா வந்தது.

திருப்பூர் என்றாலே உங்களுக்கு இப்படித்தான். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, சாயமே போடாத எங்களையும் சேர்த்து நொய்யல் ஆற்றைக் கெடுத்தவர்கள் என்று எழுதினீர்கள். துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கி நஷ்டப்பட்டதை அப்போதே எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை. நூல் விலை தாறுமாறாக ஏறியபோதும் எழுதினேன், அதுவும் போன இடம் தெரியவில்லை. உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு, சிறிய கம்பெனிகள் வேலை நியமனக் கடிதத்தில் ரகசியம் காப்பதைப் பற்றி என்ன எழுதினால் செல்லும், எது செல்லாது என்று அரைப்பக்கம் போடுங்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் இருந்தால் எங்கள் சூப்பர்வைசர்களுக்கு என்ன பிரயோஜனம்? தமிழில் வர வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் பெயரையும் முகவரியையும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கிற பையர்கள் இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருப்பூர்.