பஸ் கண்ணாடியும் ஆகஸ்ட் 10-ம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதம் ஒன்றைப் படித்தேன். தலித் கிறிஸ்தவர்களையும் எஸ்.சி. பட்டியலில் சேர்க்கக் கேட்டு ஆகஸ்ட் 10 அன்று கிறிஸ்தவர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு தெருவில் நிற்பதற்குப் பதில் கோயிலில் ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், போராட்டம் என்றால் கடைசியில் பஸ் கண்ணாடிதான் உடையும் என்று எழுதியிருந்தார். தர்மபுரி - ராயக்கோட்டை - ஓசூர் தடத்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

கண்ணாடி உடையும் என்பது உண்மைதான். ஒரு பந்த் நாளில் பாலக்கோடு தாண்டியதும் எங்கள் வண்டி மேல் கல் விழுந்தது. சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு ஏறிய பெண்கள் சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். டிப்போவில் பணம் கட்டப் பையைக் கவிழ்த்தபோது சில்லறையோடு கண்ணாடித் தூளும் கொட்டியது. இலக்கியம்பட்டியில் 2000 பிப்ரவரி 2 அன்று வேளாண் பல்கலைக்கழகப் பஸ்ஸுக்குத் தீ வைத்து மூன்று மாணவிகளைக் கொன்றதை இந்த மாவட்டத்து பஸ்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்கும் போராட்டம் என்றுதான் பெயர் சொன்னார்கள்.

ஆனால் ஒரு கண்ணாடியைக்கூட உடைக்காமல் பஸ்ஸை வைத்தே ஜெயித்த போராட்டமும் உண்டு. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். கறுப்பின மக்கள் டிசம்பர் 5 முதல் பஸ் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். ஒரு டிரிப்பில் கலெக்சன் குறைந்தாலே டிப்போவில் பதில் சொல்ல வேண்டியிருந்த எனக்கு, அது 381 நாள் நீடித்தது என்றால் என்ன என்பது நன்றாகப் புரியும். வேலைக்கு நடந்து போனார்கள். கிறிஸ்தவக் கோயில்கள் பெயரில் வண்டிகள் வாங்கி ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். தலைமை தாங்கிய போதகர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26. அவர் வீட்டில் குண்டு வெடித்த இரவில், ஆயுதத்தோடு கூடிய தன் மக்களையே சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார்.

பஸ்ஸில் நிறம் பார்த்து சீட்டைப் பிரிப்பது செல்லாது என்று நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பெரிது. கோயில் பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளை பஸ் சீட் மாதிரி வரிசையாகப் போட்டு, ஒருவர் டிரைவராகவும் சிலர் வெள்ளைக்காரப் பயணிகளாகவும் நடித்து, மற்றவர்களைத் திட்டவும் தள்ளவும் செய்து பழக்கினார்கள். திட்டினால் திருப்பித் திட்டாதே, அடித்தால் திருப்பி அடிக்காதே என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரின் வார்த்தையை அப்படி உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். 1957 ஜனவரியில் ஒரே இரவில் நான்கு கோயில்களில் குண்டு வைத்தபோதும் அவர்கள் பழிக்குப் பழி என்று கிளம்பவில்லை.

சரி, நமக்கு என்ன குறை என்று கேட்கலாம். என் பெரியப்பா மகனும் நானும் ஒரே காலனி, அடுத்தடுத்த வீடு. டீக்கடையில் எங்கள் இருவருக்கும் தனி டம்ளர்தான் இருந்தது. அவருக்கு எஸ்.சி. சான்றிதழ். ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் என்பதால் எனக்கு பி.சி. சான்றிதழ். டம்ளர் எடுத்து வைத்தவர் என் மதத்தைக் கேட்டதேயில்லை. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, எஸ்.சி. பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. இதை ஜெபத்தில் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்றால் எப்படி? கல்லறையில்கூட சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் நம்முடைய சில கோயில்களையும் இதே மூச்சில் கேட்கத்தான் வேண்டும்.

அந்த வாசகரின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பையன் கல்லை எடுத்தால் மொத்தமும் கெட்டது. அதனால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு, அதாவது கோயில் சபைகளுக்கு, ஒரு கோரிக்கை வைக்கிறேன். பாஸ்கா (ஈஸ்டர்) பாட்டுக்குப் பாடகர் குழுவை எத்தனை நாள் பழக்குகிறோம்! அதில் பாதி நேரத்தை இதற்கும் கொடுங்கள். திருப்பலி முடிந்ததும் இளைஞர்களை உட்காரவைத்து, போலீஸ் அதட்டினால் என்ன செய்வது, சாதிப் பெயர் சொல்லி வைதால் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது, பக்கத்தில் இருப்பவன் குனிந்து கல்லைத் தேடினால் அவன் கையை எப்படிப் பிடிப்பது என்று பழக்குங்கள். பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டில் எந்தப் பங்கு கூப்பிட்டாலும் நான் வரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துனர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்