யாழினி வண்டியின் ஆயில்

நோவி, மிச்சிகன்
பிப்ரவரி 11

அன்புள்ள கதிர்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். உமாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பையன் வேலை மாறியிருக்கிறான். சாமிநாதன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாது என்பதை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் அந்தப் பாலக்காடு ரயில் கதையிலிருந்து ஆரம்பிப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் உன் பெண் யாழினியைப் பற்றியது. பதறாதே, நன்றாக இருக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். உமா அரிசியும் பருப்பும் செய்து வைத்திருந்தாள். பிள்ளை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் அவளுடைய குரூஸ் காரின் பானட்டைத் திறந்து பார்த்தேன். பெரியசாமி அண்ணன் பட்டறையில் பழகிய கை, சும்மா இருக்காது.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினால், ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. முகர்ந்தேன், பெட்ரோல் வாடை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் அடியில் காபி நுரை மாதிரி ஒரு படலம். ஆனால் உள்ளே மீட்டரில், ஆயில் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆயில் ஆயுள் 94 சதவீதம் என்று காட்டுகிறது!

"எப்பம்மா ஆயில் மாத்தினே?" என்று கேட்டேன். "மாத்தலை மாமா" என்றாள். ஜனவரியில் ஆயிலை மாற்று என்று மஞ்சள் எழுத்து வந்துகொண்டே இருந்ததாம். உன்னிடம் கேட்டாளாம். ஆகஸ்டில்தானே மாற்றினாய், மூவாயிரம் மைல்கூட ஓடவில்லையே, பத்தாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் தாராளமாக ஓட்டலாம், அங்கே கடைக்காரன் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நீ சொன்னாயாம். அப்புறம் கூடத் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்து போய்விடும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறாள். அழுத்திவிட்டாள். பழைய ஆயிலை வைத்துக்கொண்டே மீட்டர் நூறிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டது.

அவளைத் திட்டாதே. நீ சொன்னதைத்தான் செய்தாள். உன்னைத்தான் நான் திட்ட வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் வண்டிக்கு நீ சொன்னது சரிதான்டா. வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூரிலிருந்து சேலம் போகிறாய். அவிநாசி தாண்டியதும் இன்ஜின் நல்ல சூட்டில், ஒரே சீராக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அந்த ஆயிலுக்கு அதைவிட நல்ல வாழ்க்கை கிடையாது. உன் பெண்ணின் வண்டி ஓடுவது ஆன் ஆர்பரில். காலையில் சில நாள் மைனஸ் பதினைந்து. வீட்டிலிருந்து லேபுக்கு ஒன்றரை மைல், லேபிலிருந்து மளிகைக்கடைக்கு ஒரு மைல். இன்ஜின் சூட்டைக் காட்டும் தண்ணீர் முள் நடுவுக்கு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறாள். முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் அதற்குப் பின்தங்கித்தான் சூடாகும் என்பது உனக்கே தெரியும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்புக்கு வந்துவிடும். இன்ஜின் சூடாக ஓடினால் அதுவும் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்தே கிடந்தால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்து நுரைக்கும். போதாததற்கு, குளிரில் இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அவளுடையது 2017 மாடல், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ இன்ஜின், இந்த விஷயத்தில் இன்னும் மோசம். அளவு ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்படவா முடியும்? ஏறியது ஆயில் இல்லையே.

போன வருஷம் போனில் என்னைக் கேட்டாய், அந்த மீட்டர் ஆயிலை நக்கிப் பார்த்தா சொல்கிறது என்று. நல்ல கேள்வி, அன்றைக்கு அவசரத்தில் பதில் சொல்லவில்லை. ஆயிலுக்குள் எந்தக் கருவியும் இல்லை, கதிர். முழுக்கக் கணக்குதான். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியல்காரரும் டொனால்ட் ஸ்மோலென்ஸ்கி என்பவரும் 1980களில் இதற்காகப் பல வண்டிகளைப் பலவிதமாக ஓட்டவைத்து ஆயிலைச் சோதித்தார்கள். மைல் கணக்கை மட்டும் வைத்து ஆயிலின் நிலையைச் சொல்ல முடியாது என்று கண்டார்கள். இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, ஒவ்வொரு சுற்றின்போதும் ஆயில் எவ்வளவு சூட்டில் இருந்தது, இந்த இரண்டும்தான் முக்கியம். அளவான சூட்டில் ஒரு சுற்று என்றால் மீட்டர் அதை ஒன்றாகவே எண்ணும். ரொம்பக் குளிர் என்றாலும் ரொம்பச் சூடு என்றாலும் அதே சுற்றைப் பல மடங்காகப் பெருக்கி ஆயில் ஆயுளிலிருந்து கழிக்கும். 1988 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இது முதலில் வந்தது. யாழினி வண்டியில் இருப்பது அதன் வாரிசு.

நீ கடைக்காரனைச் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டியே பல வருஷம் வியாபாரம் செய்தார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து நம்மை விடுவித்ததே இந்த மீட்டர்தான். நான் லான்சிங்குக்கு நெடுஞ்சாலையில் தினம் போய்வந்த காலத்தில் 7,500 மைல் தாண்டித்தான் ஆயில் கேட்டது. அப்போது அதை நம்பினேன். இப்போது அவளிடம் மூவாயிரத்துக்குள் கேட்கிறது என்றால் அதையும் நம்பத்தானே வேண்டும்?

இன்னொன்று. இந்த மீட்டருக்கு ஆயிலின் அளவு தெரியாது. ஆயில் குறைந்து சம்ப் காய்ந்துகொண்டிருந்தாலும் அது பாட்டுக்கு சதவீதம் காட்டும். உண்மையில் ஆயில் மாற்றினார்களா என்பதும் தெரியாது, பட்டனை அழுத்தினால் நம்பிவிடும். தவறுதலாக அழுத்திவிட்டால், கடைசியாக மாற்றியதிலிருந்து 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும் என்று அந்தக் கம்பெனிக் கையேடே சொல்கிறது. வண்டி ஓடாமலே கிடந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள், உன்னைப் போலவே சாய்ந்த கையெழுத்து.

இனிமேல்தான் நான் எழுத நினைத்த விஷயம்.

ஒன்றரை மைல் ஓட்டத்தை வைத்துப் பார்த்தாலும் ஆயில் ஆயுள் இவ்வளவு சீக்கிரம் இறங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. "நிறுத்தி வச்சு இன்ஜினை ஓடவிடுவியாம்மா?" என்று கேட்டேன். பேசாமல் இருந்தாள். அப்புறம் உமாவிடம் சொல்லியிருக்கிறாள். இரவு லேபிலிருந்து வந்ததும் வண்டியிலிருந்து இறங்குவதில்லையாம். வீட்டுக்குள் சுவர் மெலிசு, கூட இருப்பவர்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள். அதனால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அம்மாவுக்குப் போன் செய்கிறாள். முக்கால் மணி நேரம்கூட ஆகுமாம். பேசி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்புறம்தான் மேலே போகிறாள். (திறந்தவெளி பார்க்கிங்தான், மூடிய கராஜ் இல்லை. அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நிற்கும் வண்டியில் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்தால் நாற்பது நிமிடத்துக்கு 28,000 சுற்று. நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால், அதே 28,000 சுற்றில் கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர் போய்விடலாம். வாரத்தில் ஐந்து ராத்திரி என்றால் 130 கிலோமீட்டர். மைல்மானியில் ஒன்றுகூட ஏறியிருக்காது. நீ போனில் மைலைக் கேட்டாய், அவளும் மைலைச் சொன்னாள். அந்த ராத்திரிகள் எதுவுமே உன் காதுக்கு வரவில்லை. மீட்டர் மட்டும் அத்தனையையும் எண்ணி வைத்திருந்தது.

கதிர், பிள்ளை தனியாக இருக்கிறாள். படிப்பில் குறை இல்லை. குளிரும் இருட்டும் இந்த ஊரில் முதல் வருஷம் யாரையும் அழுத்தும். எனக்கும் அழுத்தியது, உனக்கு அப்போது எழுதிய கடிதங்கள் இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். அவள் உன்னிடம் சொல்ல மாட்டாள். அப்பா கவலைப்படுவார் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளுமாகவே ஆயிலை இறக்கினோம். ஃபில்டரை அவளே கழற்றினாள். பழைய ஆயில் விரலிடையில் இழுபடவே இல்லை, அவ்வளவு நீர்த்துப் போயிருந்தது. புது சிந்தெடிக் ஊற்றி, அளவு பார்த்து, அப்புறம்தான் பட்டனை அழுத்தவிட்டேன். காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்க வேண்டாம், கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு ஒரு நிமிடத்தில் கிளம்பி மெதுவாக ஓட்டினால் போதும், அதுதான் சீக்கிரம் சூடாகும் என்று சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை எம்-14 நெடுஞ்சாலையில் நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போக வர ஐம்பது மைல், தங்கிய தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். இது வண்டிக்காக என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். உமா இப்போதே அடுத்த வாரத்துக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறாள். காசு எவ்வளவு என்று கேட்டு எனக்கு எழுதாதே.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவள் போன் செய்யும் இரவு ஒன்பது மணி உங்களுக்குக் காலை ஏழரை. "அப்பா அதுக்குள்ள மில்லுக்குக் கிளம்பிடுவார் மாமா" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாளாவது எட்டு மணிக்குக் கிளம்பு. வண்டியைப் பற்றியே கேளேன், பரவாயில்லை. டிப்ஸ்டிக்கில் அளவு எங்கே நிற்கிறது என்று கேள், சொல்லத் தெரியும் அவளுக்கு.

அம்மாவுக்கு என் வணக்கம். சுமதியிடம் நான் இதை எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
மாணிக்கம்