தாராசுரத்துக்கு எந்த ஃபிலிம்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தியின் காதுகுத்துக்கு நாங்கள் வர முடியாமல் போனதற்கு உன் வீட்டில் நீயேதான் சமாதானம் சொல்ல வேண்டும். இவளுக்கு மூட்டுவலி, பஸ் பயணமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பரவாயில்லை, மாடிப்படிதான் தகராறு. பையனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. மாடி அறை காலியானதும் நெகடிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரை அங்கே ஏற்றிவிட்டேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

சரி, உன் விஷயம். மார்கழியில் தாராசுரம் கோயிலுக்குப் போகிறாய், 24 அங்குல நீளத்துக்குப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டப் போகிறாய், அதற்கு உலகத்திலேயே கூர்மையான, கிரெயினே (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு) தெரியாத நெகடிவ் எது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: அடாக்ஸ் சிஎம்எஸ் 20 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஒரு மில்லிமீட்டருக்கு 800 கோடுகள் வரை பிரித்துக் காட்டும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ஆனால் நீ அதை வாங்காதே.

அதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 20தான்; எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வேண்டும். தாராசுரத்தில் மண்டபத்துக்குள் நின்றால், 100 ஃபிலிமுக்கு லென்ஸை எஃப் 4 அளவுக்குத் திறந்து 1/30 வினாடி கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதே இடத்தில் 20 ஃபிலிமுக்கு 1/6 வினாடி. உன் கை எவ்வளவு உறுதியானது என்று எனக்குத் தெரியும், காலேஜில் நீ எடுத்த குரூப் போட்டோவில் நான் இரண்டு பேராக நிற்கிறேன். டிரைபாட் வைத்துக்கொள்வேன் என்பாய். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயில், டிரைபாட் வைக்க முன்னனுமதி வாங்க வேண்டும். இத்தனை கோடு பிரிக்கும் ஃபிலிமை வாங்கி, கையில் பிடித்து எடுத்தால் கை நடுக்கம்தான் கூர்மையாகத் தெரியும்! நாம் ஆசைப்பட்ட கோடக் டெக்னிக்கல் பான் ஃபிலிம்கூட இதே ரகம்தான். 2004-ல் அதை நிறுத்தினார்கள். இன்னமும் அதற்காக ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தக் கோடுக் கணக்கெல்லாம் கன்னங்கரேல் கோடும் வெள்ளை வெளேர் இடைவெளியுமாக வைத்துச் சோதித்தது. கோடக்கின் டி-மேக்ஸ் 100 ஃபிலிமை எடுத்துக்கொள். கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) மிகுந்த சோதனையில் 200 கோடு, கான்ட்ராஸ்ட் குறைந்தால் 63தான். சோழர் காலத்துக் கல்லில் நிழலில் இருக்கும் ஒரு முகத்துக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்று நீயே யோசி.

அதனால் உன் 35 எம்எம் நிக்கான் எஃப்எம்2 கேமராவுக்கு டி-மேக்ஸ் 100 போதும். 1986-ல் வந்தது, இன்றும் கிடைக்கிறது. பழைய ஃபிலிம்களில் வெள்ளிப் படிகம் கல்லுப்பு மாதிரி கட்டியாக இருக்கும். இதில் அப்பளம் மாதிரி தட்டை. அதே அளவு வெள்ளிக்கு ஒளி விழும் பரப்பு அதிகம். அதனால்தான் வேகத்தை இழக்காமல் கிரெயினைக் குறைக்க முடிந்தது. கிரெயினை அளந்து போடும் எண் (குறைந்தால் நல்லது) இதற்கு 8, கோடக்கின் பழைய டிரை-எக்ஸ் ஃபிலிமுக்கு 17. ஃபியூஜி அக்ராஸ் ஃபிலிம் டி-மேக்ஸைவிடவும் நுண்மை, 7. 2018-ல் நிறுத்திவிட்டு அடுத்த வருஷமே அக்ராஸ் 2 என்று மறுபடி கொண்டுவந்தார்கள். கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் தேடி அலைய வேண்டியதில்லை. இல்ஃபோர்ட் பான் எஃப் 50-ம் அழகு. எடுத்த ரோலை மாசக்கணக்கில் டிராயரில் போட்டுவிடுகிற உன் பழக்கத்துக்கு மட்டும் அது சரிவராது, பதிந்த பிம்பம் மங்கிக்கொண்டே போகும்.

கலர் வேண்டும் என்று மகள் சொன்னால் கோடக்கின் எக்டார் 100. கலர் நெகடிவில் அவ்வளவு நுண்மையாக வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்லுக்கும் வானத்துக்கும் பிரமாதம், பேத்தி முகத்துக்கு வேண்டாம், சிவந்துபோகும். வெளிச்சம் குறைத்து எடுத்தால் நிழலெல்லாம் நீலம் பூத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கலர் நெகடிவுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் கிரெயின் குறையும், ஏனென்றால் கழுவி முடித்தபின் வெள்ளி போய்ச் சாயப் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன, அவை ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து வழவழப்பாகிவிடும். கறுப்பு வெள்ளையில் அப்படியே தலைகீழ். கூடக் கொடுத்தால் கிரெயின் பெருகும்.

இப்போதுதான் நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் யாஷிகா மேட், அந்த இரட்டை லென்ஸ் கேமரா, இன்னும் பீரோ மேல்தானே இருக்கிறது? அதை இறக்கு. 35 எம்எம் நெகடிவின் நீளம் 36 மில்லிமீட்டர். 24 அங்குலத்துக்கு ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். யாஷிகாவின் நெகடிவ் 56-க்கு 56 மில்லிமீட்டர். அதே 24 அங்குலத்துக்குச் சதுரமாகப் போட்டால் 11 மடங்குதான். இதில் டி-மேக்ஸ் 400-ஐப் போடு. 2007-ல் வந்த புது வார்ப்பில் அதன் கிரெயின் எண் 10. 11 மடங்கு பெருக்கிய 10, 17 மடங்கு பெருக்கிய 8-ஐவிடக் கண்ணுக்குக் குறைவாகத்தான் படும். அதோடு வேகம் நாலு மடங்கு! 1/30 கேட்ட இடத்தில் 1/125. எஃப்எம்2-வில் போலக் கண்ணாடி மேலே எகிறி அடிக்கிற அதிர்ச்சியும் அந்த கேமராவில் கிடையாது. கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டால் ஆடாது. லென்ஸை மட்டும் டார்ச் அடித்துப் பார், பூஞ்சை பிடித்திருந்தால் எந்த ஃபிலிமும் காப்பாற்றாது.

விமானத்தின் அடியைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருப்பார்களே, அதற்கு மட்டும் எஃப்எம்2. யாஷிகாவில் ஒரு மீட்டருக்குள் போக முடியாது, குளோசப் லென்ஸ் மாட்டினாலும் நீ பார்ப்பது ஒன்று, படத்தில் விழுவது ஒன்று. அந்த இடம் வெளிச்சத்தில் இருப்பதால் 100 ஃபிலிம் தாங்கும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடு. உச்சி வெயிலில் செதுக்கலே தெரியாது.

ஃபிலிமைக் கழுவும் ரசாயனமான டெவலப்பரிலும் பாதி விஷயம் இருக்கிறது. ஷார்ப்பாக இருப்பதும் ஃபைன் கிரெயினாக இருப்பதும் வேறு வேறு. ரோடினால் என்ற டெவலப்பரில் கழுவினால் விளிம்பெல்லாம் வெட்டியது மாதிரி வரும், கூடவே கிரெயினும் எழுந்து நிற்கும். கோடக்கின் டி-76 டெவலப்பர் கிரெயினைக் கொஞ்சம் கரைத்துவிடும், விளிம்பும் அதோடு மெத்தென்று ஆகும். டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து பயன்படுத்து, இரண்டுக்கும் நடுவில் நிற்கும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஐஸ் பையை வாளியில் போட்டு இறக்கு. 20 வரை இறங்காவிட்டால் 24-ல் நிறுத்திக்கொள், அதற்கும் கோடக் நேரம் கொடுத்திருக்கிறது. டெவலப்பர், பிம்பத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். டி-மேக்ஸில் இளஞ்சிவப்புச் சாயம் தங்கியிருந்தால் பதறாதே, ஃபிக்ஸரில் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். ஸ்கேன் பண்ணுவதானால், படத்தில் தூசியைத் தானே நீக்கும் ‘டிஜிட்டல் ஐஸ்’ என்ற ஸ்கேனர் வசதி கறுப்பு வெள்ளை வெள்ளி நெகடிவில் வேலை செய்யாது, பிரஷ்ஷும் பொறுமையும்தான்.

இத்தனை எழுதும்போது ஊட்டி ஞாபகம் வருகிறது. அங்கே இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிம் ரோலை நாம் எவ்வளவு அலட்சியமாக வாங்கிச் சுட்டோம்! இப்போது ஒரு ரோல் விலையைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

யாஷிகாவுக்கு நாலு ரோல் வாங்கு, ஒன்றை முதலில் வீட்டு மாடியிலேயே சுட்டுப் பார்த்துவிடு. ஒரு ரோலில் 12 படம்தான், தாராசுரத்தில் போய் ஷட்டர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டாம். நெகடிவை எடுத்துக்கொண்டு இங்கே வா, பிரிண்டை மாடியிலேயே போட்டுவிடலாம். பெரிய பேப்பருக்கு என்னிடம் டிரே இல்லை, வரும்போது உன்னுடையதைக் கொண்டுவா. தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
ராஜு